குடித்திருக்கிறான் என்று எழுதுங்கள்

பிள்ளை குடித்துக் கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் ஊரில் எந்தத் தாயும் கவலைப்படுவாள். கறிக்கடைக்காரியின் பிறந்த வீட்டில் கதை தலைகீழ். கடையை மூடிவிட்டு அவள் அண்ணன் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தால், அம்மா விறுவிறுவென்று எழுந்து போய் அவன் மோவாயைப் பிடித்து, ஊதிக் காட்டச் சொல்வாள். சாராய வாடை குப்பென்று முகத்தில் அடித்ததும்தான் அவளுக்கு மூச்சே வரும். குடிச்சிருக்கான், வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவனுக்குத் தட்டு வைப்பாள். இப்படியும் ஒரு தாயா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

எல்லாம் அப்பாவால் வந்தது. அவரும் கறி வெட்டியவர்தான். ஆள் மலை மாதிரி. நாற்பதை நெருங்கும்போது கையும் காலும் அவர் பேச்சைக் கேட்காமல் தாமாக ஆடத் தொடங்கின. கூடவே கோபம் வந்தது. அது சாதாரணக் கோபமா? அம்மாவின் தோள்பட்டை எலும்பை ஒருநாள் உடைத்தார். அண்ணனைத் தூக்கிச் சுவரில் அடித்தார். கறிக்கடைக்காரி அப்போது சின்னப்பெண். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள், காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு மிதிப்பார். தெரு முழுக்க அவரைக் குடிகாரன் என்றது. அம்மாவின் தம்பிமார் இரண்டு பேர் வந்து, குடியை மறக்கடிக்கிறோம் என்று கடைத் தூணில் கட்டிவைத்து வெளுத்து வாங்கினார்கள். இரண்டு விலா எலும்பு போயிற்று. நான் குடிக்கலடா, குடிக்கலடா என்று மனுஷன் கதறினார். யார் நம்புவது? அம்மாவே நம்பவில்லை.

எலும்பும் தோலுமாக ஆனபிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார், இது மூளையை அரிக்கிற பரம்பரை வியாதி, அவர் ஆயுசில் ஒரு சொட்டு குடிக்காமல் இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று. வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் அதை 'ஆட்டம்' என்றே சொன்னார்கள். கடைசியில் ஒரு வாய் தண்ணீர் விழுங்கத் தெரியாமல் புரையேறிச் செத்தார். அடித்த மாமன்கள் துக்கத்துக்கு வந்தபோது அம்மா கதவைத் திறக்கவில்லை. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் சோதித்துப் பார்க்க மாட்டேன் என்று அடியோடு மறுத்துவிட்டான். கேட்டால், தெரிந்துகொண்டால் மட்டும் வருகிற வியாதி வராமல் போய்விடுமா என்பான். அவன் கல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான். கறிக்கடைக்காரி அப்படி இல்லை, எதையும் நேரே பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கல்யாணப் பேச்சு வந்ததும் போய் ரத்தம் கொடுத்தாள். இருக்கிறது என்றார்கள். அன்றைக்குக் கடைக்கு வந்து, கொக்கியில் தொங்கிய முழு ஆட்டையும் இறக்கிப் போட்டு வெட்டினாள். மூட்டு பார்த்துக் கத்தி வைக்கிறவள் அவள். அன்று மூட்டும் பார்க்கவில்லை, எலும்பும் பார்க்கவில்லை. விற்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் அது கொத்தாகிக் கிடந்தது.

அப்படியும் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருவன் வந்தான் பாருங்கள், லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அதிகம் பேசமாட்டான். அவனிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: எனக்குப் பிள்ளை வேண்டும், எனக்கு ஆட்டம் வந்து நான் கை நீட்ட ஆரம்பித்தால், அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும், என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றான். பாவம், அப்படி ஒரு வாக்கை எந்த மாப்பிள்ளை கொடுத்திருப்பான்?

உனக்கே இந்தக் கதி, பிள்ளை எதற்கு என்று சொன்னவர்கள் நிறைய. அவர்களுக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்வார்கள். அவளுக்குப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த வியாதி அவளோடு முடிய வேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. கருவை வெளியே உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் துளி கிள்ளிச் சோதித்து, வியாதி இல்லாததை மட்டும் உள்ளே வைப்பார்கள். மாதக்கணக்கில் வயிற்றில் ஊசி. தொப்புளைச் சுற்றிப் பச்சையும் கறுப்புமாகக் கன்றிப்போயிற்று. கடைசியில் ஆறு கரு தேறியது. நாலில் வியாதி இருந்தது, இரண்டில் இல்லை. இரண்டில் ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, மற்றதை உறையவைத்தார்கள்.

நாலு நாள் வீட்டில் இருந்தவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கல்லாவில் சும்மா உட்காருகிறேன் என்று கணவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கட்டைக்கு முன்னால் அண்ணன் நின்றிருந்தான். சட்டையில் சாராய வாடை. வெட்டு கோணலாக விழுந்துகொண்டிருந்தது. காலையிலேயே ஆரம்பித்துவிட்டாயா என்று அவள் திட்டினாள். அவன் இளித்தான். அந்த நேரம் பார்த்துத்தானா அவள் புருஷன் வாயைத் திறக்க வேண்டும்! சந்தோஷம் தாங்காமல், ஆறு கருவின் கதையையும் மச்சானிடம் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டான்.

அண்ணன் வெட்டுவதை நிறுத்தினான்.

"அந்த நால என்ன பண்ணாங்க?"

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம் என்றான் அந்த அப்பாவி.

"அப்ப அந்த நாலும் நான்தான? என்னைத்தான குப்பையில போட்டுட்டு வந்திருக்கீங்க?"

கறிக்கடைக்காரியிடம் பொறுமையாகப் பதில் சொல்லும் குணம் என்றைக்கும் இருந்ததில்லை. "நானும் அந்த நாலுலதான்டா இருக்கேன். முதல்ல என்னைப் போட்டுட்டுத்தான் உன்னைப் போட்டேன்" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். "நீ கண்ண மூடிக்கிட்டு ரெண்டு பெத்த. நான் பாத்துப் பெக்கறேன். அது தப்பா?" என்று சேர்த்துச் சொன்னாள்.

பிள்ளைகளைச் சொன்னதும் அவனுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. கட்டையைத் தாண்டி வந்து, கையிலிருந்த கத்தியோடேயே அறைந்தான். அவள் தடுக்கத் தூக்கிய முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கத்தி கிழித்துக்கொண்டு போயிற்று. அவள் தராசுக் கல்லை எடுத்து அவன் முகத்தில் வீசினாள். பல் உடைந்து ரத்தம் கொட்டியும் அவன் நிற்கவில்லை. அவளைக் கீழே தள்ளி வயிற்றிலேயே உதைத்தான், ஒரு தடவை இல்லை. கணவன் பின்னாலிருந்து அவன் கழுத்தை இறுக்கினான்; அவனையும் உதறிச் சுவரில் எறிந்தான். எதிர்க்கடைக்காரர்கள் ஓடி வந்து, கட்டையோடு சேர்த்து அண்ணனை அமுக்கிப் பிடித்தார்கள். குடிகார நாயே என்று ஆளுக்கொரு அடி போட்டார்கள். தரையில் ஆட்டு ரத்தம் எது, மனுஷ ரத்தம் எது என்று தெரியவில்லை.

கைக்குத் தையல் போட்டுக்கொண்டு அவள் காவல் நிலையம் போனபோது அம்மா ஏற்கெனவே அங்கே இருந்தாள். போலீஸ்காரர் அண்ணனின் உடைந்த வாயில் குழாயை வைத்து ஊதச் சொன்னார். ஊதினான். பூஜ்யம் என்று காட்டியது. கருவி சரியில்லை போலிருக்கிறது என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதிலும் பூஜ்யம். என்னய்யா, சட்டை நாறுகிறது, வயிற்றில் ஒரு சொட்டு இல்லையே என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவனுக்குக் கை ஆடத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டுக்கு வருமுன் சாராயத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கொஞ்சம் சட்டையில் தெளித்துக்கொண்டு வருவான். இப்போதெல்லாம் பகலிலும் தெளித்துக்கொள்கிறான். குடிகாரன் என்று பெயர் வாங்கினால் போதும், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். வேறெந்த வீட்டில் இந்தப் புத்தி யாருக்கு வரும்?

அவன் போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், குடிச்சிருக்கான்னு எழுதுங்க சார்."

அம்மா அவர் காலிலேயே விழுந்துவிட்டாள். "எழுதுங்கய்யா. என் புள்ள குடிச்சிருக்கான்னு எழுதுங்க."

அவர் எழுத முடியாது என்றார். கறிக்கடைக்காரி புகார் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அண்ணனை வெளியே கூட்டி வந்தாள்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையில் கரு தங்கவில்லை என்று வந்தது. உதையால் இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார்; அந்தச் சமயத்தில் கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கும், பாதிக்கு மேல் இப்படித் தானாகவே தங்காமல் போகும் என்றார். அவள் எல்லாம் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். அண்ணன் வாய் வீங்கி, ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னாலதானா?" என்றான்.

டாக்டர் சொன்னது அவள் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் வயிறு பற்றி எரிந்தது. ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளைதானே கேட்டேன் என்று எரிந்தது.

"ஆமா. உன்னாலதான்."

அவன் திரும்ப அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தலையை ஆட்டிக்கொண்டான், எழுந்து போய்க் கத்திகளையெல்லாம் கழுவி அவள் பக்கம் வைத்தான். அன்றோடு கடைக்கு வருவதை விட்டுவிட்டான். அவளுக்கு அன்று சாயங்காலமே மனசு தாங்கவில்லை. அவன் வீட்டுக்கு ஓடி, பொய் சொல்லிட்டேன்டா, டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பரவாயில்லை, ஒதைச்சது நான்தானே என்றான். டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போய்க் கேட்கவைத்தாள். அவர் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான், ஆனால் நம்பவில்லை. ஒரு தடவை சொன்ன பொய்தான் நின்றது, நூறு தடவை சொன்ன உண்மை நிற்கவில்லை.

உறைய வைத்திருந்த மற்றக் கரு தங்கிற்று. பெண் குழந்தை, வியாதி இல்லாதது. பிறந்த அன்று அவள் சிரித்துச் சிரித்து அழுதாள், லிஃப்ட்காரன் ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். அண்ணன் மட்டும் வாசலோடு நின்றான். அதற்குள் அவனுக்கு ஆட்டம் நன்றாகவே முற்றியிருந்தது. குழந்தையைக் காட்டினால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்வான். கை எங்கே போய் எதில் இடிக்கும் என்று அவனுக்கே தெரியாது. தூக்கிக்கோடா என்று அவள் கெஞ்சினாலும் மாட்டான்.

குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்போது அதுவாகவே தவழ்ந்து போய் அவன் மடியில் ஏறியது. அவன் கையை எடுக்கவில்லை. தலை மட்டும் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. அது அந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையோ என்னவோ, கையை ஓங்கி அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தது. கறிக்கடைக்காரி பதறிப்போய் ஓடிவந்தாள். அவன் அவளைக் கண்ணாலேயே தடுத்தான்.

"விடு," என்றான் குழறிக்கொண்டு. குழந்தையிடம் மறு கன்னத்தைக் காட்டி, "இன்னொண்ணு போடுடி" என்றான்.

அது இன்னொன்று போட்டது.