அணையாத விளக்குக்குப் பயந்த ஜெயமணி

மலாக்கா மாநிலத்து ரெம்பியாவுக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய தாழ்வான தாமான் குடியிருப்பு ஒன்றில் ஜெயமணி அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பெண்கள் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த கை அவருடையது. பட்டுத்துணியில் கத்தரி வைக்கும்போது அந்தக் கை தயங்கியதே இல்லை. சுவிட்சைத் தொடும்போது மட்டும் நடுங்கும். காலில் செருப்பு இல்லாமல் அவர் விளக்குப் போட்டதை யாரும் பார்த்ததில்லை.

காரணம் இருந்தது. சிறுமியாக எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது, ஈரத்துணி காயப்போடப் போன அவருடைய சித்தப்பா கம்பியைப் பிடித்தவர் விடவே இல்லை. எங்கோ உரசிய ஒயரிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் ஏறியிருந்தது. அவர் வாய் சிரிப்பது போலத் திறந்திருந்ததாம். விளையாடுகிறார் என்று நினைத்துக் கிட்டே ஓடிய ஜெயமணியை யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அதற்கு மேல் அக்கா சொல்ல மாட்டார்.

அவர் கணவர் சேகரனுக்கு மலாக்காவில் தொழிற்சாலை வேலை. தையல் அறையில் நாள் முழுக்க விளக்கு எரிய வேண்டியிருக்கிறதே என்று, கூரையில் சோலார் மாட்டித் தரும் புவனேஸ்வரனை ஒருநாள் கூட்டிவந்தார்.

"பகல்ல வெயில்லயே ஓடும்கா," என்று புவனேஸ்வரன் விளக்கினார். "வெயில் பத்தலன்னா பேட்டரி. அதுவும் பத்தலன்னா வீட்டு கரண்ட் தானா வந்து சேந்துக்கும். எல்.இ.டி. லைட்டு கொஞ்சமாத்தான் இழுக்கும். வெளிய கரண்டே போனாலும் உங்க ரூம் இருட்டாவாதுலா."

"அப்ப எப்பத்தான் தம்பி அது அணையும்?"

புவனேஸ்வரன் சிரித்துவிட்டார். அக்கா சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

காரை நிறுத்தும் முன்தாழ்வாரச் சுவரில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றும், அதன் கீழே பேட்டரியும் வந்தன. எதை எப்படி நிறுத்துவது என்று காட்ட புவனேஸ்வரன் கூப்பிட்டபோது, "எனக்கு வேணாம்பா, அவருக்குக் காட்டு," என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிந்தது. ஆனால் மேகம் மறைத்து வெயில் குறையும்போதெல்லாம் பெட்டிக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். விளக்கு கண் சிமிட்டும். அக்கா மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுவார்.

போன வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு பிற்பகல், ஆற்றுத் தண்ணீர் பின்பக்கக் கதவு வழியாக வீட்டுக்குள் வந்தது. வீட்டின் பின்பாதி தாழ்வு. சமையலறையும் தையல் அறையும் அங்கேதான். சேகரன் வாசலருகே இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார்.

"எல்லாம் ஆஃப் பண்ணிட்டேன், பயப்படாத. காடிய மேட்டுல விட்டுட்டு வந்துர்றேன்."

அவர் காரை ஓட்டிக்கொண்டு போனதும், வேலிக்கு அப்பாலிருந்து ராமையா மாமா குரல் கொடுத்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம்.

"ஜெயா, கல்யாண ரவிக்கையெல்லாம் உள்ளயா கெடக்கு? இரு, நான் பின்னால போயி எடுத்தாறேன்!"

"வேணாம் மாமா," என்று முன்தாழ்வாரத்தில் திரும்பிய அக்கா, நடையின் வழியாகத் தற்செயலாக உள்ளே பார்த்தார். தையல் அறையில் விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. தண்ணீரில் அதன் வெளிச்சம் ஆடியது. மேசைக்குக் கீழே தரையோடு கிடந்த பிளக் பெட்டி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. மெயின் இறக்கியிருக்கிறது. ஆனாலும் எரிகிறது.

அக்கா கத்தினார். "மாமா! உள்ள போகாதீங்க! தண்ணியில கரண்ட்டு இருக்கு!"

"மெயின்தான் எறக்கியாச்சேலா!" என்ற பதில் வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. கதவு கிறீச்சிட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

"மாமா!"

இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

ஓடிப்போய் இழுக்கக் கால் ஓர் அடி எடுத்து வைத்தது. தண்ணீரைக் கண்டதும் நின்றது. பெட்டியைப் பார்த்தார். அது உறுமிக்கொண்டிருந்தது. அதன் கீழே இரண்டு சிவப்புத் திருகு சுவிட்சுகள். எது எதற்கென்று தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கையில் காய்ந்த துண்டைச் சுற்றிக்கொண்டார். பற்கள் கிட்டிக்கொண்டன. முருகா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை என்றார் பிறகு.

முதல் திருகைத் திருப்பினார். விளக்கு சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தது. கூரையிலிருந்து வருவது நின்று, பேட்டரி அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. இன்னொரு தடவை அதைத் தொட வேண்டும் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத் திருப்பினார். உறுமல் நின்றது. வீடு இருண்டது.

ராமையா மாமா சுவரைப் பிடித்தபடி நடை வழியாக வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உள்ள கால வச்சதும் எறும்பு ஏறுற மாதிரி இருந்துச்சும்மா," என்றார் மெதுவாக. "அப்புறம் காலு எம் பேச்சக் கேக்கல. கூப்புட்டேன், சத்தம் வரல. இன்னும் ஓர் அடி உள்ள போயிருந்தா..."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்த சேகரன் விஷயத்தைக் கேட்டு மழையிலேயே நின்றுவிட்டார். "நாந்தான் எல்லாம் ஆஃப்புன்னு சொன்னேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இதயத்தைப் பார்த்தார்கள். கெடுதல் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் புவனேஸ்வரன் வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிளக்குகளை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினார். வெயில், பேட்டரி, வீட்டு கரண்ட் மூன்றையும் ஒரே இழுப்பில் துண்டிக்கும் கைப்பிடி ஒன்றை வாசலில் வைத்தார். அக்கா பக்கத்திலேயே நின்றார். "இன்னொரு தடவ காட்டுப்பா," என்றார். பிறகு தானே இழுத்துப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இழுத்தார்.

"முன்னாடி எனக்குப் போட்ட மாதிரித்தான் மத்த வீட்டுலயும் போட்டுக் குடுத்திருக்கியா தம்பி?"

புவனேஸ்வரன் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டார். "போயி மாத்துறேன்கா," என்றார். அன்றைக்கே செர்காமில் இதேபோல் மாட்டிக் கொடுத்திருந்த, தாழ்வான ஒரு வீட்டுக்குப் போன் போட்டார். அவர்கள் எடுக்கவில்லை. வெளியே மறுபடி மழை தூற ஆரம்பித்திருந்தது. அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிளம்பினார்.