சல்பி வெளியில் கேட்ட பம்ப் சத்தம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இருபத்திரண்டு வருஷமாக மர்சாபிட் டவுனில் டீசல் வண்டிகளைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் இசாக்கோ. என்ஜின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். ஒரே ஒரு வண்டியில் மட்டும் என்னால் காட்ட முடியவில்லை. இத்தனைக்கும் அது நடந்தது பட்டப்பகலில். சாட்சிக்குத் தலாசோ அக்கா இருக்கிறார். கலாச்சாவில் கடை வைத்திருக்கிறார், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

2014 செப்டம்பர். அக்கா ஒரு பழைய டீசல் பிக்கப்பை ஏலத்தில் எடுத்திருந்தார். மர்சாபிட்டில் சர்க்கரையும் சோள மாவும் ஏற்றிக் கலாச்சாவுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் சல்பியைத் தாண்டியாக வேண்டும். உப்புப் பூத்த வெறும் வெளி. மரம் கிடையாது, போன் சிக்னல் கிடையாது. ஒவ்வொரு முறையும் வண்டி அங்கேதான் நின்றது.

மூன்று முறை என்னிடம் கொண்டுவந்தார். டீசலோடு காற்று கலக்கிறது, அதனால் என்ஜினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை. இது தெளிவாகத் தெரிந்தது. காற்று எங்கே நுழைகிறது என்பதுதான் தெரியவில்லை. முதல் முறை ஃபில்டர் மாற்றினேன். அடுத்த முறை ரப்பர் குழாய்கள், கிளிப்புகள். மூன்றாவது முறை டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்ப்பையும் புதிதாகப் போட்டேன். பட்டறையில் நாள் முழுக்க ஓடியது. சல்பியில் நின்றது.

நாலாவது முறை அக்கா பட்டறை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். எங்கள் பக்கம் மெக்கானிக்கை ஃபுண்டி என்போம்.

“ஏன் ஃபுண்டி, ரிப்பேர் பண்றியா, இல்ல தடவிக் குடுத்து அனுப்புறியா?”

“என்கிட்ட நல்லாத்தானே ஓடுது அக்கா.”

“அப்ப நீயே வந்து ஓட்டு. போன தடவ ரெண்டு நாள் கெடந்தேன். குடிக்கத் தண்ணி இல்ல. ஒட்டகக்காரங்க அந்தப் பக்கம் வரலேன்னா இன்னிக்கு உன்னைத் திட்டறதுக்கு நான் இருந்திருக்க மாட்டேன்.”

கடைசியில் அவர் குரல் உடைந்தது. நான் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன், ஃபில்டருக்குப் போகும் குழாயின் நடுவே கண்ணாடி போலத் தெரியும் குழாய் ஒன்றை மாட்டினேன். அதை வெளியே வளைத்து, ஓட்டும்போது என் கண்ணில் படும்படி கட்டினேன். காற்று வந்தால் குமிழி தெரியும். ஒரு கேன் நிறையச் சுத்தமான டீசலும் எடுத்துக்கொண்டேன். டேங்க் மேல் சந்தேகம் வந்தால் கேனிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

10:05. வழியில் மைக்கோனாவில் டீ. வண்டி பூப்போல ஓடியது. அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

11:10. சல்பிக்குள் இறங்கினோம்.

11:48. குழாயில் ஒரு குமிழி. பின்னாலேயே பத்து. என்ஜின் இருமியது. நின்றது.

பானட்டைத் திறந்து பம்ப்பைத் தொட்டேன். தொளதொளவென்று இருந்தது. டீசல் நிறைந்தால் அது கல்லாக இறுக வேண்டும். முப்பது முறை அமுக்கினேன். இறுகியது. ஸ்டார்ட் ஆனது. இருநூறு மீட்டர் போய் நின்றது.

டேங்க் குழாயைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து குழாய் கொடுத்தேன். 12:19க்கு மறுபடியும் நின்றது. இந்த முறை குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் பம்ப் தொளதொளத்துப்போயிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. குழாயில் காற்று இல்லை, பம்ப்பில் டீசல் இல்லை. இரண்டும் சேர்ந்து இருக்க வழியே கிடையாது.

எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வண்டிக்கு அடியில் படுத்தேன். 12:31.

டொக்... டொக்... டொக்...

மேலே பம்ப் அடிக்கும் சத்தம். அக்காவுக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

“நல்லா அமுக்குங்க அக்கா.”

டொக். டொக். டொக். டொக். வேகம் கூடியது.

“போதும்.”

நின்றது.

“சாவியத் திருப்புங்க.”

சாவி திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். வெளியே உருண்டு வந்து எழுந்தேன்.

என்ஜின் பக்கம் யாரும் இல்லை. ஒதுங்கப் போயிருந்த அக்கா, வண்டிக்குப் பின்னால் நூறு அடி தள்ளி, முக்காட்டைச் சரிசெய்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார்.

“அங்க வரைக்கும் கேக்குது. அவ்வளவு நேரம் அடிச்சியே, ஸ்டார்ட் பண்ணியா?”

“நான் அடிக்கல.”

“பின்ன?”

பம்ப்பைத் தொட்டேன். கல்லாக இருந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவர் காலிலும் டயர் செருப்பு. உப்புத் தரையில் அதன் தடம் எங்கும் கிடந்தது. பானட்டுக்கு நேர் எதிரே மட்டும்... வெறுங்கால் தடங்கள். இரண்டே இரண்டு. அருகருகே. விரல்கள் என்ஜினைப் பார்த்து.

வந்த தடம் இல்லை.

போன தடமும் இல்லை.

“ஏறு” என்றார் அக்கா.

12:40. முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. நகர்ந்தோம். ஐந்து நிமிஷம் இருக்கும்.

டொக்... டொக்... டொக்...

மூடிய பானட்டுக்குள்ளிருந்து. ஓடும் வண்டியில்.

என் கால் பிரேக் பக்கம் போனது. “நிறுத்தவா?”

“நிறுத்தாத.”

முப்பது கிலோமீட்டர் பாக்கி. சத்தம் சீராக வந்தது. ஒவ்வொரு அடிக்கும் குழாயில் டீசல் லேசாகத் துடித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

1:25. சத்தம் தளர்ந்தது.

டொக்...... டொக்.........

குமிழி வந்தது. என்ஜின் இருமியது. வேகம் குறைந்தது. இருக்கும் தண்ணீர் அரை பாட்டில். நான் எதையோ முணுமுணுத்தேன், என்னவென்று ஞாபகமில்லை.

அக்கா முன்னால் குனிந்தார். வேலை செய்து களைத்தவனிடம் பேசுகிற மாதிரி, பானட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“இன்னும் கொஞ்சந்தாம்ப்பா... வந்துட்டோம்... விட்டுறாத.”

...

டொக்.

டொக். டொக். டொக்.

என்ஜினுக்கு மூச்சு திரும்பியது. அக்கா அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

2:06. கலாச்சாவின் பனைமரங்கள் தெரிந்தன. சக்கரம் உப்பைத் தாண்டி மணலில் ஏறிய அதே இடத்தில் சத்தம் நின்றது.

என்ஜின் நிற்கவில்லை.

கடை வாசலில் மூட்டைகளை இறக்கும்போது, பக்கத்து போலீஸ் முகாமிலிருந்து உமுரோ என்ற போலீஸ்காரர் டீ குடிக்க வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“இதையா வாங்கின தலாசோ?”

நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வண்டி சல்பியில் நின்றிருக்கிறது. வண்டியில் இருந்தது டிரைவரும், போனாயா என்ற சுமைக்காரரும். டிரைவர் உதவி தேடி நடந்திருக்கிறார். ஞாபகமறதியில் சாவியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே போய்விட்டார் போல, வண்டியில் சாவி இல்லை. அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

“போனாயா வண்டிய விட்டு நகரல. நாங்க போனப்ப பானட்டுக்குள்ள சாஞ்சு, நின்ன வாக்குலயே இருந்தான். கை பம்ப்மேல. செத்து மூணு நாள்னு டாக்டர் சொன்னாரு.”

உமுரோ டீயை ஒரு வாய் குடித்தார்.

“பாவம், வண்டில ஒரு கோளாறும் இல்ல. ஓனர் இன்னொரு சாவி குடுத்து விட்டிருந்தாரு. போட்டதும் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“சாவி போடறதுக்கு முன்னாடி, யாராவது பம்ப் அடிச்சீங்களா?”

“யாரு அடிக்கிறது? அவனை எடுத்துக் கீழ படுக்க வெச்சோம். நேரா சாவியப் போட்டோம்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

சல்பியில் காற்று இழுக்கிற வண்டி அது. அடிப்பதை நிறுத்தினால் பத்தே நிமிஷத்தில் பம்ப் தொளதொளத்துவிடும். போனாயா செத்து மூன்று நாளுக்குப் பிறகும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்றால்...

போலீஸ் போய் இறங்கும் நிமிஷம் வரைக்கும் அவர் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.