காவு கொடுத்தவள்

ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தத்தில் வேனுக்காக நின்ற அந்தப் பெண், நகத்தில் படிந்த அலுமினியப் பொடியை ஊக்கால் சுரண்டிக்கொண்டே என்னிடம் பேசினாள். பட்டாசுக் கம்பெனியில் அறை வெடித்து அவள் கணவன் செத்திருந்தான். முதலாளி அந்த அறையில் வெடிமருந்தை அளவுக்கு மீறி அடைத்துவைத்ததுதான் காரணம் என்று ஊருக்கே தெரியும்.

“மொதலாளி குறிகாரரக் கூட்டியாந்தாக. அறைக்கு அடியில புதையல் இருக்காம். அதக் காக்குற பூதம் காவு வாங்கிருச்சாம், இனிமே தோண்டலாமாம்.”

“நீங்க ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டேன். காவு குடுத்தவுகளுக்குத்தான புதையல் சேரும், அப்ப அது எனக்குத்தானன்னு கேட்டேன்.”

கேலியாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை.

“மொதலாளி என்ன சொன்னார்?”

“சீசன் நேரம், போயி வேலையப் பாருன்னாக.”

வேன் வந்தது. அதே கம்பெனி வேன். தாலிக்கயிற்றில் மாட்ட வழியில்லாத ஊக்கை முந்தானையில் குத்திக்கொண்டு ஏறினாள்.