தட்டு கழுவின தண்ணீர்

அஞ்சம்மாள் சாம்பார் ஊற்றும்போது தட்டைத்தான் பார்ப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். தட்டின் ஓரத்தில் கத்தரிக்காய் ஒதுங்கியிருந்தால் கரண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"துன்னுட்டு வா, ஊத்துறேன்."

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்களல்ல. காயை டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காலித் தட்டை நீட்டினார்கள். சமையல் கூடத்துக்குப் பின்னால் காக்கைகள் கொழுத்தன.

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் சாலையில், ஓர் ஏரியை ஒட்டி இருந்தது அந்த நடுநிலைப் பள்ளி. அங்கே சத்துணவுச் சமையலுக்கு அவள் சேர்ந்தது எண்பத்து மூன்றில். அதுவரை ஏரிக்குக் கீழே நாற்று நட்டாள், களை எடுத்தாள். வயலில் மனைக்கல் நட்டபோது, செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டு அடுப்படிக்கு வந்தாள். கல் நட்ட இடங்களில் வீடுகள் எழுந்தன. அந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளை ஒருநாள் வாத்தியார் வெண்டைச் செடி வரையச் சொன்னார். செடியில் வானம் பார்த்து நிற்கும் காய்கள் எல்லாம் படத்தில் தலைகீழாகத் தொங்கின. அஞ்சம்மாள் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

தோட்டம் அவள் தொடங்கியதல்ல. அடிகுழாயடியில் பிள்ளைகள் தட்டு கழுவுவார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் சேறு. அந்தச் சேற்றோரம் அவள் காய் நறுக்கிய குப்பையைக் கொட்டுவாள். ஒரு மழைக்குப் பிறகு அங்கே பறங்கிக்கொடி ஒன்று கிளம்பியது. யாரும் நடவில்லை. பிடுங்க யாருக்கும் நேரமில்லை. அது சுவரேறி, சமையல் கூடத்தின் கூரைமேல் படர்ந்து காய்த்தது. பிள்ளைகள் தினமும் அண்ணாந்து பார்த்தார்கள். காயை இறக்கிச் சாம்பாரில் போட்ட அன்று எந்தத் தட்டின் ஓரத்திலும் பறங்கி இல்லை. டவுசர் பாக்கெட்டுகளிலும் இல்லை. அவளே தடவிப் பார்த்தாள்.

மறுநாள் புருஷனின் கடப்பாரையை எடுத்துவந்து அடிகுழாயைச் சுற்றி நிலத்தைக் கொத்தினாள். புருஷன் குப்புராஜ் தண்ணீர் லாரி ஓட்டினான். கடப்பாரை அவன் கிணறு வெட்டப்போன காலத்தது.

பிள்ளைக்கு ஒரு செடி. வெண்டை, கத்தரி, கொத்தவரை, வேலியோரம் முருங்கை. சாப்பிட்டதும் தட்டு நிறையத் தண்ணீர் பிடித்து, தளும்பாமல் நடந்துபோய், தன் செடியின் அடியில் தட்டைக் கழுவ வேண்டும். இதற்கு அவள் தோட்டம் என்றோ திட்டம் என்றோ பெயர் வைக்கவில்லை. "உன் செடிக்குச் சோறு வெச்சியா?" என்று மட்டும் கேட்பாள்.

கோடையில் அடிகுழாய் இருமும். அப்போதும் தட்டு கழுவும் தண்ணீர் மட்டும் நின்றதில்லை. சாப்பிட்டவர்கள் கழுவித்தானே ஆகவேண்டும்.

பரிமாறும்போது அறிவிப்பாள்: "இன்னிக்கு நாலாங்கிளாஸ் வெண்டக்கா."

நாலாம் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

"நாலாங்கிளாஸ் வெண்டக்கா முத்தலு" என்றான் ஏழாம் வகுப்புக்காரன் ஒருவன். அன்று மாலை அவனுக்கு அடி விழுந்தது. ஆனால் அதற்குப்பின் நாலாம் வகுப்பு நுனியை ஒடித்துப் பார்க்காமல் காய் பறிப்பதில்லை.

இப்படியே பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது.

லோகநாதனின் அப்பா ஏரிக்குக் கீழே நெல் விளைவித்தவர். லோகநாதன் அதே நிலத்துக் கிணற்றிலிருந்து தண்ணீரை லாரியில் ஏற்றித் தாம்பரத்துக் காலனிகளுக்கு விற்றார். குப்புராஜ் ஓட்டியது அவருடைய லாரி. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் அவரே தலைவர். தொண்ணூற்றாறில் ஊராட்சித் தேர்தல் வரும் என்று பேச்சு அடிபட்டதும் பள்ளிக்கு அடிக்கடி வந்தார். ஒரு மதியம் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாகச் செடிகளுக்குப் போவதைப் பார்த்தார்.

"இன்னா பண்ணுதுங்க?"

தலைமையாசிரியர் சாம்பசிவன் பெருமையாக விளக்கினார். லோகநாதன் முகம் சுளித்தார்.

"எவன் எவன் எச்சியோ. அதுல வளந்தத குழம்புல போட்டு எல்லாப் புள்ளைக்கும் ஊத்துறியா, அஞ்சம்மா?"

எந்தத் தெருப் பிள்ளையின் எச்சில் எந்தத் தெருப் பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. அதை அவர் அப்படிக் கேட்கவில்லை. சுகாதாரம் என்றார்.

"எச்சி மண்ணுக்குப் போவுது, தலைவரே. காய்ல வராது" என்றாள் அஞ்சம்மாள்.

"எச்சி எச்சிதாம்மா."

"உங்களுக்குச் சோறு ஊட்டினவங்க, நீங்க மீத்த சோத்த இன்னா பண்ணாங்க? காக்காய்க்கா வெச்சாங்க?"

சாம்பசிவன் இருமினார். லோகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

குடியரசு தினத்தன்று அவர் செலவில் கட்டிய தட்டு கழுவும் மேடை திறக்கப்பட்டது. வெள்ளை ஓடு, வரிசையாகக் குழாய்கள், மேலே தொட்டி, அவர் பெயர் பொறித்த கல். தொட்டியைக் காலையில் குப்புராஜின் லாரி நிரப்பும். அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றி ஆபீஸ் அறையில் வைத்தார்கள். தட்டுகளை மேடையில் மட்டுமே கழுவ வேண்டும், செடியடியில் கழுவக்கூடாது என்று பிரேயரில் அறிவித்தார்கள். மேடைத் தண்ணீர் சிமெண்ட் வாய்க்கால் வழியே தோட்டத்தின் ஓரமாக ஓடி, சுவரைத் தாண்டிச் சாலைப் பள்ளத்தில் விழுந்தது. எச்சில் வீணாகப் போனால் யாருக்கும் தீட்டில்லை.

அஞ்சம்மாள் முதலில் சண்டை போடவில்லை. அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். அது முதல் வரிசைக்குக்கூடப் போதவில்லை. லோகநாதன் வீட்டு வாசலுக்கே போய், வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் செடிக்குக் கொடுங்கள் என்று கேட்டாள்.

"குடிக்கவே ஊரு தண்ணிய வெல குடுத்து வாங்குது. செடிக்காமே?" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மார்ச் வெயிலில் கொத்தவரை போயிற்று. கத்தரி இலை சுருண்டது. காய் முழுவதும் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து வந்தது. ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவள், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முன்னால் நின்றாள். தட்டின் ஓரத்தில் கத்தரிக்காய்.

"ஏன் துன்னல?"

"இது யாருது ஆயா?"

அஞ்சம்மாள் கரண்டியை அடுத்த பிள்ளைக்கு நகர்த்தவில்லை. காய் ஒதுங்கிய தட்டிலேயே ஊற்றினாள். அவள் சர்வீஸில் அப்படி ஊற்றியது அதுதான் முதல் தடவை. அன்று மாலை சமையல் கூடத்துக்குப் பின்னால் காக்கைகள் திரும்பி வந்திருந்தன.

மறுநாள் பருப்பை உலையில் போட்டுவிட்டு, கடப்பாரையோடு மேடைக்குப் போனாள். இன்டர்வெல் மணி அடித்த நேரம். பிள்ளைகள், வாத்தியார்கள் எல்லாரும் வெளியே இருந்தார்கள். வாய்க்கால் தோட்டத்துப் பக்கம் திரும்பும் மூலையில் ஓங்கிக் குத்தினாள். ஏழெட்டுக் குத்தில் சிமெண்ட் விட்டது. பெயர்க்கல்லை அவள் தொடவில்லை. குழாய்களைத் தொடவில்லை. உடைந்த சில்லைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, பருப்பு பொங்கிவிடுமே என்று அடுப்படிக்கு நடந்தாள்.

மதியம் பிள்ளைகள் மேடையிலேயே தட்டு கழுவினார்கள். உத்தரவில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் தோட்டத்துக்குள் போயிற்று.

சாம்பசிவன் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். சத்துணவு அமைப்பாளர் இடம் காலியாக இருந்ததால் பொறுப்பு அவருடையது. அவர் கெட்டவரல்ல. ரிட்டயர்மெண்டுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணே? லோகநாதன் ஆள்மேல ஆள் அனுப்பறார். மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதியே ஆகணும்கிறார்."

"எழுதுங்க சார்."

"எழுதறேன். வெயில்ல வெடிப்பு விட்டு, தானா உடைஞ்சுடுத்துன்னு எழுதிடறேன். புது சிமெண்ட், ஒழுங்காப் பூசலை. உன் பேரே வராது."

"தானா உடையல சார். நான் ஒடச்சேன்."

"அது எனக்குத் தெரியாதா? உன்னைக் காப்பாத்தத்தானே சொல்றேன்."

"தானா ஒடஞ்சுதுன்னா கட்டிட்டுப் பூடுவீங்க. நான் ஒடச்சேன்னு எழுதினாத்தான், கட்டினா மறுபடி ஒடைப்பேன்னு தெரியும்."

அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "வேலை போயிடும், அஞ்சம்மா."

"பேரு சரியா எழுதுங்க சார். ரெண்டு சுழி ன இல்ல, 'ஞ்'."

அவர் எழுதினார்.

அன்று சாயங்காலம் குப்புராஜ் நடந்தே வீட்டுக்கு வந்தான்.

"வண்டி எங்கே?"

"சாவியப் புடுங்கிகினாரு." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "யாரு கடப்பாரைன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"என்னுதுதான்னேன். ஊர்ல வேற எவன்கிட்ட கீது அவ்ளோ நல்ல கடப்பார?"

அவள் அவனைப் பார்த்தாள். "நீ திட்டுவன்னு நெனச்சேன்."

"திட்டாம? சோறு போடு, துன்னுட்டுத் திட்றேன்."

லோகநாதன் கொத்தனார் முனிரத்தினத்தை அனுப்பினார். அவர் ஓட்டையை அடைத்தார். சிமெண்ட் காய்ந்த பிறகு அஞ்சம்மாள் உடைத்தாள். மறுபடி அடைத்தார், மறுபடி உடைத்தாள். மூன்றாவது தடவை முனிரத்தினம் சாந்துச் சட்டியோடு சமையல் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உண்மையச் சொல்லு. எத்தினி தபா ஒடைப்ப?"

"நீ எத்தினி தபா பூசுவ?"

"அவரு கூலி குடுக்குற வரைக்கும்."

"எனக்குக் கூலியே வாணாம்."

முனிரத்தினம் யோசித்தார். பிறகு சைக்கிளில் போய் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப் கொண்டுவந்து, தோட்டத்தைப் பார்க்க வைத்து, சுற்றிலும் சுத்தமாகப் பூசினார். ஓட்டையை அடைத்தாயிற்று என்று லோகநாதனிடம் போய்ச் சொன்னார். பொய்யில்லை.

கத்தரி பிழைத்தது. கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முந்தின வாரம் அஞ்சம்மாள் கரண்டியோடு நின்று, "இன்னிக்கு மூணாங்கிளாஸ் கத்திரிக்கா" என்றாள். அந்தப் பெண் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள்.

ரிப்போர்ட் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. ஜூனில் உத்தரவு வந்தது. வேலை போகவில்லை. படப்பைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் நிறுத்திவைக்கலாம் என்று சாம்பசிவன் சொல்லிப்பார்த்தார். "செடிகிட்ட வேணா கேக்குறேன், ரெண்டு மாசம் காய வுட்டதுக்கு" என்றாள்.

புதுப் பள்ளிக்குக் குப்புராஜ் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். லாரி வேலை போன பிறகு அவன் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அன்றும் மறுநாளும் லீவு போட்டிருந்தான். உதவிக்கு இருந்த பெண் அஞ்சம்மாளுக்கு அடுப்பையும் ஸ்டோர் அறையையும் காட்ட வந்தாள். அஞ்சம்மாள் அடுப்பைப் பார்க்கவில்லை. கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே ஒரு குழாய். கீழே சிமெண்ட் தளம். அதிலிருந்து ஒரு வாய்க்கால் நேராக வேலியைத் தாண்டிப் போயிற்று. இந்தப் பக்கம் காலி நிலம், வெயிலில் வெடித்துக் கிடந்தது. குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினாள்.

"இந்த வாய்க்கால யாரு கட்டினது?"

"யாரோ பெரிய மனுஷன்தான்க்கா. பேரு போட்டுக்கீது பாரு."

அஞ்சம்மாள் பெயரைப் படிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்த குப்புராஜைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நாளைக்கு வரும்போது கடப்பாரைய எடுத்துகினு வா."