சந்தனம் அடைத்த ரிவால்வர்

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் முழுசாகத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அப்பன் பத்தாவதோடு ஷூ கம்பெனிக்குத் தோல் வெட்டப் போனவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த ரிவால்வர் என் தாத்தாவுடையது. ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் அவர் காவல்காரர். வாராவாரம் வேலூருக்குப் போய், ஆட்களின் கூலிப் பணத்தைப் பையில் கொண்டுவருவார். அதற்காக முதலாளி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த துப்பாக்கி அது. வயதாகி வேலையை விட்டு நின்றபோது முதலாளி அதை அவரிடமே விட்டுவிட்டார். பிறகு லைசென்ஸ் உங்கள் தாத்தா பேருக்கு மாறியது.

ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, மண்வெட்டி, என் கட்டிங் கத்தி, வண்டி எல்லாவற்றோடும் அதுவும் பலகையில் உட்காரும். மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு. அதற்கு மட்டும் உங்கள் தாத்தா சந்தனத்தை உருட்டிக் குழலின் வாயில் அழுத்துவார். ஏன் என்றால், "எங்கப்பா அப்படித்தான் வெப்பாரு" என்பார். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அங்கே ஒரு ஏட்டு எப்போதும் மோந்து பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, சுட்டா விபூதி வருமா?" என்பார்.

போன வருடம் உங்கள் தாத்தா, "இனிமே என்னால அலைய முடியாது. ஒரேயடியா ஒப்படைச்சிடலாம்" என்றார். பிறகு, "அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும்டா. எங்கப்பா அதால ஒரு ஆள சுட்டாரா இல்லையா?" என்றார்.

சின்ன வயதில் உங்கள் தாத்தாவோடு படித்த பையன்கள், "உங்கப்பன் பாலாத்து மணல்ல ஒருத்தன சுட்டுப் பொதைச்சிட்டான்" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறார். அவர் அப்பா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாராம். அன்றிலிருந்து உங்கள் தாத்தா அவர் பக்கத்தில் படுக்கவில்லை. அவர் பிசைந்து கொடுத்த சோற்றை வாங்கவில்லை. இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

முதலில் இங்கே வேலூரிலேயே ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்தினார். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக மேசைமேல் விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு, நம்பர்கூடத் தேய்ந்துபோயிருக்கிறது என்றார்.

"சுட்டிருக்காங்களா?" என்று உங்கள் தாத்தா கேட்டார்.

"இவ்ளோ துருவுல யாராலயும் சொல்ல முடியாதுங்க. கோயில்ல வெக்க வேண்டியத இங்க எட்த்துனு வந்துகிறீங்க."

என் ஷூ கம்பெனியில் விசாரித்ததில், அந்த முதலாளியின் மகன் ஆம்பூரிலேயே இருப்பது தெரிந்தது. உங்கள் தாத்தாவைவிடப் பெரியவர். கண் மங்கல், காது கூர்மை. யாருடைய மகன் என்று சொன்னதும் உங்கள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அது? உங்கப்பா உன்ன தோள்ல தூக்கினு ஷாப்புக்கு வருவாரு. என் புதுச் சட்டையில ஒண்ணுக்குப் போனவன் நீ."

உங்கள் தாத்தா சிரிக்கவில்லை. "பாய், எங்கப்பா யாரையாவது சுட்டாரா?" என்றார்.

"எதால சுடுவாரு? அதுல குண்டே இல்லியே."

பாய் மெதுவாகச் சொன்னார். "துப்பாக்கி தந்த அன்னிக்கே உங்கப்பா குண்டு வேணாம்னுட்டாரு. எங்க அப்பாஜானும் சரின்னுட்டாரு. பாக்கறவன் பயந்தா போதும், ஆனா வெத்துத் துப்பாக்கின்னு வெளிய தெரியக் கூடாது, வூட்லகூட மூச்சு விடாதேன்னாரு. ஆள சுட்ட கதையும் யாரோ கட்டி விட்டதுதான். அது நல்லதுன்னு நாங்க சும்மா இருந்துட்டோம்."

"சந்தனம்?"

"அது மொத பூஜையிலயே அடைச்சினு வந்து நின்னாரு. குண்டே இல்ல, இதுக்கு எதுக்கு அடைப்புன்னு அப்பாஜான் கேலி பண்ணாரு. 'வூட்ல புள்ள நடக்க ஆரம்பிச்சிருக்கான் சாயபு. அது அவனப் பாத்துனு இருந்தா எனக்குத் தூக்கம் வரல'ன்னாரு."

எங்களுக்கு வந்த டீ ஆறிப்போனது. பாய் மறுபடி கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் தாத்தா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பள்ளிகொண்டா தாண்டித்தான் வாயைத் திறந்தார். "நான் கேட்டப்ப சொல்லியிருந்தா, மறுநாளே ஸ்கூல்ல சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சிருக்கு அவருக்கு." பிறகு, "வெறுங்கையோட அவ்ளோ பணத்த தூக்கினு வந்துகிறாரே. வழியெல்லாம் எவ்ளோ பயமா இருந்திருக்கும்டா" என்றார். கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினார். நான்தான் அவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஒப்படைக்கிற அன்று காலையில் அவரே கல்லில் சந்தனம் உரைத்தார். நீங்கள் இருவரும் தண்ணீர் ஊற்றினீர்கள், ஞாபகம் இருக்கும். கடைக்காரர் குத்திக் காலியாக்கிய குழலில் புதுசாக உருட்டி வைத்து அடைத்தார்.

ஸ்டேஷனில் அதே ஏட்டு. "இன்னா பெருசு, திரும்ப வாங்கப் போறதில்ல. இதுக்கு எதுக்கு ஈர சந்தனம்?"

"இங்கயும் புள்ளைங்க வரும் போகும் இல்ல" என்று சொல்லி, குழல் சுவரைப் பார்த்து இருக்கும்படி அதை மேசைமேல் வைத்தார் உங்கள் தாத்தா.