மீட்டர் சொன்ன முப்பது மைல்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். மலாக்கா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. குடியிருப்பு காஜா பேராங்கில். சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்து எஸ்டேட்டுகளில் விற்றுவருவேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. தொப்பை மட்டும் என்னைவிட மூத்தது போலத் தெரியும்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "இனிமே அலோர் காஜா பக்கம் போவணும். போக வர முப்பது மைலு. உனக்குச் சரிப்படாதுலா. கடையில நின்னு துணி அளந்து போடு."

ரோட்டில் திரிந்தே பழகியவன் நான். நாலு சுவருக்குள் நிற்கச் சொன்னால் செத்தேன். "ஒரு மாசம் டைம் குடுங்க முதலாளி. மூட்டையோட போயிட்டு வந்து காட்றேன்" என்றேன். தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

அன்றே சைக்கிள் மீட்டர் ஒன்று வாங்கினேன். முன்சக்கரக் கம்பியில் ஒரு முளை. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் அது மீட்டரை ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டுகள்தான் மைலாகும். பேட்டரி கிடையாது, கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. ஆனால் முளை கழன்று விழுந்துவிட்டால்? பெட்டியில் ஸ்பேர் முளை ஒன்று இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று அதையும் எதிர்ப்பக்கக் கம்பியில் மாட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரிய ரோட்டில் போனால் சிரிப்பார்கள் என்று காஜா பேராங் சந்துகளிலேயே காலையில் சுற்றினேன். தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டுக்காரர் ஒருவர், தினமும் எதைத் தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார். மூன்றாவது வாரம் மீட்டரில் முப்பது மைல் விழுந்தது!

சோதனை நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கடையில் துணி வெட்டும் நண்பர் சாட்சியாகக் கூட வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மீட்டர் பதினாலு காட்டியதும், "அடுத்த வளைவுல அலோர் காஜா" என்றேன். அவர் ஓரத்து மைல்கல்லைக் காட்டினார். ஏழு.

"அண்ணே, பொய் சொல்றது கல்லா, மீட்டரா?"

இறங்கிச் சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டு. "அலாமாக்! ரெட்டைச் சம்பளம் வாங்குற மீட்டருண்ணே இது!" என்று புல்லில் உட்கார்ந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதம் நான் பழகியது வெறும் பதினைந்து மைல். அங்கேயே திரும்பினால் உடம்புக்கு நல்லது. ஆனால் மறுநாளே கடைக்குள் கெஜக்கோலோடு நிற்கவேண்டும். "ஏறுடா, போவோம்" என்றேன்.

அலோர் காஜாவைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது பத்தாவது கல்லருகே தொடை இறுகி, சைக்கிளோடு விழுந்தேன்.

"மூட்டைய என்கிட்ட குடுங்கண்ணே. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"நீ சொல்லமாட்டே. நான் உளறிடுவேன்."

ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடந்தேன், இறக்கத்தில் ஏறி ஓட்டினேன். அடுத்த கல், அதற்கடுத்த கல், அவ்வளவுதான் யோசித்தேன்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது, மாலை அஸர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முதலாளி, மூட்டையையும் என் முட்டிக் காயத்தையும் பார்த்தார். "நாளைக்கே போவியா?"

"நாளன்னைக்கு முதலாளி. நாளைக்கு நடக்க வருதான்னு பாக்கணும்."

சிரித்துவிட்டார். அந்த அலோர் காஜா லைன் எனக்கே கிடைத்தது.

இன்றும் ஏதாவது ஒன்று முடியாது என்று தோன்றும்போது, என் கால்கள் பழகாத அந்த மீதிப் பதினைந்து மைல்தான் ஞாபகம் வரும். அதை ஓட்டிமுடிக்க வைத்தது பயிற்சியல்ல, பாதியில் திரும்ப எனக்கு மனசு வராததுதான்.