மெம்பரின் வேட்டி

பாலக்காட்டு எல்லையோரத்தில் எங்கள் வார்டு மெம்பர் ஒருவர் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவே தன்னுடையது என்பது போல நடப்பார்.

என் கறவை மாடு களவு போனபோது அவரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மெம்பர் கூட வராவிட்டால் அங்கே யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பது ஊரின் எண்ணம். படியேறியதும் மடித்த வேட்டியைச் சட்டென்று கணுக்கால் வரை இறக்கிவிட்டார். எங்கள் பக்கம் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை அது. இவர் காட்டியது மகன் வயதுப் போலீஸ்காரருக்கு. மாடு தானாகத் திரும்பி வரும் என்று அந்த ஆள் கொட்டாவி விட்டபடி சொன்னதும், "ஆமாங்க சார்" என்று குழைந்தார்.

வெளியே வந்ததும் வேட்டி மறுபடி மேலே ஏறியது.

"ஏனுங்க மெம்பரே, உங்களுக்கு ஓட்டுப் போட்டது நாங்க. அவங்ககிட்ட எதுக்குங்க இத்தனை பணிவு?"

"ஓட்டு அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தானுங்க. ஸ்டேஷன் தெனமும் தொறந்திருக்குதுங்களே," என்றார் வெட்கமே இல்லாமல்.

மாடு வரவில்லை, தேர்தல் வந்தது. மெம்பர் எங்கள் வாசலில் நின்று கும்பிட்டார், சிரித்தார், மாட்டைப் பற்றிக்கூட விசாரித்தார். வேட்டியை மட்டும் இறக்கவில்லை.